முதிர்ந்த இயங்குதளமும் பயனரின் குரலும்

நுழையும்முன்

வாங்கிய நாளில் புதிதாக இருக்கும் கணினி சில ஆண்டுகளிலேயே பழையதாகிவிடுகிறது. அதன் இயங்குதளமும் முதிர்ந்துவிடுகிறது. ஆயினும், அத்தகைய கணினிகளை நம்பி மருத்துவமனைகளும் அலுவலகங்களும் கடைகளும் வீடுகளும் நாள்தோறும் இயங்குகின்றன. முதிர்ந்த இயங்குதளத்தைப் பேணுவது எப்படி? அதனைப் பயன்படுத்துவோர் எடுத்துரைக்கும் குறைகளுக்குச் செவிசாய்ப்பது எப்படி? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஊர்க்குளத்தை வெட்டி முடித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. காலந்தோறும் தூர்வாரிக் கரையை உயர்த்தி மதகைச் சீர்செய்தால்தான் அது குளமாக நிலைக்கும். கரையில் கசிவு ஏற்பட்டால் அதனை முதலில் காண்பவர், நாள்தோறும் அவ்வழியே வயலுக்குச் செல்லும் உழவர். அவர் சொல்ல வேண்டும். பொறுப்பில் இருப்பவர் கேட்க வேண்டும். அதன்பின் கரை அடைபட வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த மழையில் கரை உடையும். மென்பொருளின் பேணுகையும் இத்தகையதே.

இயங்குதளம் என்னும் அடித்தளம்

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்தும் மென்பொருளே இயங்குதளம். விசைப்பலகையில் அழுத்தும் எழுத்தை ஏற்பது, கோப்பை வட்டில் சேமிப்பது, அச்சுப்பொறிக்கு ஆணை அனுப்புவது, இணையத்தோடு தொடர்பு கொள்வது ஆகிய அனைத்தும் அதன் வழியாகவே நிகழ்கின்றன. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ், ஆண்ட்ராய்டு ஆகியன நாம் நன்கறிந்த இயங்குதளங்கள்.

இரும்பைப் போல மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. துணியைப் போலக் கிழிவதுமில்லை. அவ்வாறாயின் அது பழையதாவது எவ்வாறு? அதனைச் சுற்றியுள்ள உலகம் மாறுவதால்தான். புதிய கருவிகள் வருகின்றன. இணையத்தின் நெறிமுறைகள் மாறுகின்றன. எழுதிய நாளில் எவர் கண்ணிலும் படாத பிழைகளைத் தீயோர் பின்னாளில் கண்டறிகின்றனர். பத்தாண்டுகளுக்கு முன் பூட்டிய பூட்டு அப்படியே இருக்கிறது. ஆனால், அதற்கான கள்ளச்சாவி இன்று உருவாகிவிட்டது. மென்பொருள் முதிர்வதன் பொருள் இதுவே.

புதுப்பிப்புகளின் வகைகள்

இயங்குதளத்தை உருவாக்கியோர் அதனை வெளியிட்ட பின்னர் அவ்வப்போது வழங்கும் திருத்தங்களைப் புதுப்பிப்புகள் என்கிறோம். அவற்றை மூன்றாகப் பகுக்கலாம். தாக்குதலுக்கு இடந்தரும் ஓட்டைகளை அடைப்பன பாதுகாப்புப் புதுப்பிப்புகள். மென்பொருள் தவறாக நடந்துகொள்ளக் காரணமான வழுக்களை நீக்குவன வழுநீக்கப் புதுப்பிப்புகள். முன்பில்லாத புதிய வசதிகளைச் சேர்ப்பன வசதிப் புதுப்பிப்புகள்.

பழைய இயங்குதளங்களுக்குப் பெரும்பாலும் முதலிரண்டு வகைகளே வழங்கப்படும். புதிய வசதி அரிதாகவே வரும். இதற்கு நம் நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியீட்டை இந்திய அரசு 2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த யூனிகோடின் 6.0 பதிப்பில் அக்குறியீடு இடம்பெற்றது. ஆனால், விண்டோஸ் 7, விண்டோஸ் விஸ்டா ஆகியன அதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டவை. அவற்றின் எழுத்துருக்களில் அக்குறியீடு எவ்வாறு இருக்க முடியும்? மைக்ரோசாப்ட் நிறுவனம் தனியே ஒரு புதுப்பிப்பை வெளியிட்டு அவ்விரு இயங்குதளங்களிலும் அதனைச் சேர்த்தது. ஒரு நாடு தன் பணத்திற்குப் புதிய குறியீட்டை வகுத்துக்கொண்டால், முன்பே விற்பனையான கணினிகளும் அதனைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

மென்பொருள் திருத்தத்தைப் ‘பேட்ச்’, அதாவது ‘ஒட்டு’ என்று வழங்குவதற்குக் காரணம் உண்டு. தொடக்ககாலக் கணினிகளுக்கு நிரல்கள் துளையிட்ட அட்டைகளிலும் தாள் நாடாக்களிலும் வழங்கப்பட்டன. தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால், அதன்மேல் சிறு துண்டினை ஒட்டி மறைத்து, சரியான இடத்தில் மீண்டும் துளையிடுவர். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதைப் போன்ற அச்செயலின் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது.

பழையதைத் திருத்துவதன் அருமை

புதிய வீடு கட்டுவதைவிட, மக்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் சுவரை இடித்துக் கட்டுவது கடினம். பழைய இயங்குதளத்தைத் திருத்துவதும் அவ்வாறே. புதிய பதிப்பில் கண்டறியப்பட்ட பிழை பழைய பதிப்பிலும் இருக்கக்கூடும். ஆனால், புதிய பதிப்புக்காக எழுதிய திருத்தம் பழையதற்கு அப்படியே பொருந்தாது. அதன் அமைப்புக்கேற்ப மாற்றி எழுத வேண்டும். இப்பணியைப் பின்பொருத்தல் என்று கூறலாம்.

எழுதிய திருத்தம் வேறெதையும் கெடுத்துவிடவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஒரே இயங்குதளம் எண்ணற்ற வகைக் கணினிகளிலும் அச்சுப்பொறிகளிலும் செயலிகளிலும் இணைந்து இயங்குகிறது. அவற்றுட் சில, உற்பத்தியே நின்றுபோனவை. ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்க எவராலும் இயலாது. எனவே, புதுப்பிப்பை முதலில் சிறு எண்ணிக்கையிலான கணினிகளுக்கு அனுப்பி விளைவைக் கவனித்து, பின்னர்ப் படிப்படியாக விரிவாக்குகின்றனர். தீங்கு நேர்ந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பும் வழியையும் உடன் வைக்கின்றனர்.

இத்தகைய உழைப்பை எல்லையின்றித் தொடர இயலாது. ஆகவே, ஆதரவுக்காலம் என ஒன்று வரையறுக்கப்படுகிறது. விண்டோஸின் பல பதிப்புகளுக்குப் பத்தாண்டுக் காலம் வகுக்கப்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 7இன் ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் முடிந்தது. 2015ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது.

கட்டற்ற மென்பொருளுக்கும் இவ்வரம்பு உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருநிரலை எழுதத் தொடங்கியபோது, இன்டெல் 386 என்னும் செயற்கூற்றைக் கொண்ட கணினியையே பயன்படுத்தினார். அதே செயற்கூற்றுக்கான ஆதரவு, 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. பழையதைச் சுமக்கும் பாரம் புதியதன் வளர்ச்சியைத் தடுக்கும் நிலை வரும்போது, பிறந்த வீட்டையும் விட்டு நீங்க வேண்டியதாகிறது.

குறித்த நாளுக்குப் பின்

ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடுவதில்லை. திரை ஒளிர்கிறது, கோப்புகள் திறக்கின்றன, யாவும் முன்போலவே நடைபெறுகின்றன. இடர் மறைந்திருப்பது இந்த அமைதியில்தான்.

2001ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி உலகெங்கும் பரவியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேணப்பட்ட பின்னர், 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. பிறர் உருவாக்கிய செயலிகளும் ஒவ்வொன்றாக விலகின. குரோம் உலாவி 2016ஆம் ஆண்டிலேயே எக்ஸ்பியைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் உலாவி 2018 வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கிப் பின்னர் நிறுத்திக்கொண்டது.

அப்படியிருந்தும் பலர் எக்ஸ்பியை விடவில்லை. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. மருத்துவமனையில் உள்ள ஒரு நோயறி கருவியை எண்ணிப் பாருங்கள். அதன் விலை மிகுதி. அது உழைக்கும் காலமும் நீண்டது. அதனுள் இயங்கும் கணினியோ ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்தோடு பொருத்திச் சோதிக்கப்பட்டது. மருத்துவமனை ஊழியர் தாமாக அதனை மாற்ற இயலாது. கருவியை உருவாக்கிய நிறுவனமே மாற்றித்தர வேண்டும். இயங்குதளத்தின் வாழ்நாள் முடிந்துவிட்டது. கருவியின் வாழ்நாள் முடியவில்லை. இந்த இடைவெளியில்தான் முதிர்ந்த இயங்குதளங்கள் நின்றுகொண்டிருக்கின்றன.

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகைத் தாக்கியது. கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர உதவும் பழைய நெறிமுறை ஒன்றில் இருந்த ஓட்டையின் வழியே அது புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணியைச் சேர்ந்த மருத்துவ அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை இடையூறுக்கு உள்ளாயின. அறுவை மருத்துவம் உள்ளிட்ட 19,000க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் கைவிடப்பட்டிருக்கலாம் என அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் எடுத்துரைத்தது. சில இடங்களில் அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்ப நேர்ந்தது.

இந்நிகழ்வில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்குத் தாக்குதலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச் 14ஆம் நாளே, வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல; அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. அவற்றுக்கு மருந்து வந்திருந்தது, உட்கொள்ளப்படவில்லை. எக்ஸ்பிக்கோ பொதுவில் மருந்தே வழங்கப்படவில்லை. தாக்குதல் பரவிய பின்னர், மூன்றாண்டுகளுக்கு முன் ஆதரவை நிறுத்திய எக்ஸ்பிக்கும் அத்திருத்தத்தை மைக்ரோசாப்ட் அனைவருக்கும் கட்டணமின்றி வழங்கியது. புதுப்பிப்பை உருவாக்குதல், உரிய நேரத்தில் சேர்த்தல், நிறுவுதல் ஆகிய மூன்றும் நிறைவேறினால்தான் பாதுகாப்பு முழுமை பெறும்.

பயனரின் குரல் சென்று சேரும் வழி

குறையை முதலில் காண்பவர் பயனர். அவர் கண்டது உருவாக்கியவரைச் சென்றடைய இரு வழிகள் உண்டு. கணினி தானே அனுப்பும் பிழையறிக்கை ஒன்று. பயனர் தம் சொற்களால் எழுதும் பின்னூட்டம் மற்றொன்று.

விண்டோஸ் எக்ஸ்பியைப் பயன்படுத்தியோர், ஒரு செயலி திடீரென நின்றுவிட்டால் திரையில் தோன்றும் சிறு பெட்டியை அறிவர். பிழையறிக்கையை அனுப்பலாமா, வேண்டாவா என அது கேட்கும். அவ்வாறு வந்து குவிந்த அறிக்கைகளை ஆராய்ந்ததில் வியப்பூட்டும் உண்மை புலப்பட்டது. அறிவிக்கப்பட்ட பிழைநிகழ்வுகளுள் 80 விழுக்காட்டிற்குக் காரணம் ஏறத்தாழ 20 விழுக்காட்டு வழுக்களே என்றும், வெறும் 1 விழுக்காட்டு வழுக்களே நிகழ்வுகளுள் பாதிக்குக் காரணம் என்றும் அந்நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர் 2002இல் தெரிவித்தார். எதை முதலில் திருத்த வேண்டும் என்னும் வினாவுக்கு விடையளித்தவை பயனர்களின் கணினிகளிலிருந்து வந்த அறிக்கைகளே.

எனினும், தானியங்கி அறிக்கைக்கு எல்லை உண்டு. செயலி நின்றுவிட்டதை அது சொல்லும். பயனர் குழம்பி நின்றதைச் சொல்லாது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8இல், பழகிய இடத்தில் இருந்த தொடக்கப் பொத்தான் நீக்கப்பட்டிருந்தது. கணினியின் பார்வையில் அது பிழையன்று. பயனர்களோ வழி தெரியாமல் தவித்தனர், குறை கூறினர். அடுத்த ஆண்டு வெளிவந்த 8.1 பதிப்பில் அப்பொத்தான் மீண்டும் இடம்பெற்றது. மனிதர் எழுதும் பின்னூட்டத்தின் தேவை இதனால் விளங்கும்.

எண்ணிக்கையும் கடுமையும்

பின்னூட்டத்தைப் பெறுவது எளிது. அதிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது அரிது. ஒரே குறையைப் பலர் சொன்னால் அது மேலே எழும். ஒருவரே சொன்னால் அடியில் அமிழும். பலர் சொல்வதை முதலில் கேட்பது முறையாகத் தோன்றும். ஆனால், அம்முறை தவறும் இடமும் உண்டு.

விண்டோஸ் 10க்கான பெரிய புதுப்பிப்பு ஒன்று 2018ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வெளியிடப்பட்டது. அதனை நிறுவிய சிலருடைய ஆவணங்களும் ஒளிப்படங்களும் அழிந்துபோயின. தம் ஆவணக் கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றி அமைத்திருந்தோரின் கணினிகளில், பழைய கோப்புறை வெறுமையானது எனக் கருதிப் புதுப்பிப்பு அதனை நீக்கிவிட்டதே இதற்குக் காரணம். அக்டோபர் 6ஆம் நாள் வெளியீடு நிறுத்தி வைக்கப்பட்டது. திருத்தப்பட்ட பின்னர், நவம்பர் 13ஆம் நாள் மீண்டும் வெளியிடப்பட்டது.

அக்குறையை முன்னரே எவரும் சொல்லவில்லையா? சொல்லியிருந்தனர். முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தோருள் சிலர், தம் கோப்புகள் அழிந்ததைப் பின்னூட்ட மையத்தில் பதிவுசெய்திருந்தனர். ஆனால், அப்பதிவுகளை வழிமொழிந்தோர் மிகச் சிலரே. ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கிடையே அவை எவர் கண்ணிலும் படவில்லை. இந்நிகழ்வுக்குப் பின்னர், குறை எத்துணைக் கடுமையானது என்பதையும் பயனரே குறிப்பிடும் வசதி அம்மையத்தில் சேர்க்கப்பட்டது.

ஆயிரம் பேர் ஒரு படவுருவின் நிறம் பிடிக்கவில்லை என்கின்றனர். ஒருவர் தம் ஆவணங்கள் அழிந்துவிட்டன என்கிறார். எதனை முதலில் கேட்பது? எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, சொன்னது எத்தகையது என்பதையும் எடைபோட வேண்டும். பழைய இயங்குதளங்களைப் பொறுத்தவரை இது மேலும் இன்றியமையாதது. ஆண்டுகள் செல்லச்செல்ல அவற்றின் பயனர்கள் குறைகின்றனர். அவர்களின் குரலும் எண்ணிக்கையில் மெலிகிறது. எஞ்சியிருப்போரோ பெரும்பாலும் மாற இயலாதவர்கள். எனவே, பாதிப்பும் அவர்களுக்கே மிகுதி.

பயன்தரும் பின்னூட்டம்

கேட்பவருக்குக் கடமை இருப்பதைப் போலவே சொல்பவருக்கும் கடமை உண்டு. கீழ்க்காணும் இரு பின்னூட்டங்களை ஒப்பிட்டு நோக்குக.

“என் கணினி வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்க.”

“விண்டோஸ் 10, 64 பிட். நேற்று வந்த புதுப்பிப்பை நிறுவி மறுதொடக்கம் செய்தபின், அச்சுப்பொறி பட்டியலில் தெரியவில்லை. அப்புதுப்பிப்பை நீக்கினால் மீண்டும் தெரிகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் இதுவே நிகழ்ந்தது.”

முதலாவது வருத்தத்தை மட்டும் தெரிவிக்கிறது. இரண்டாவது இயங்குதளத்தின் பதிப்பு, குறை தோன்றிய நேரம், அது நிகழும் வரிசை, மீண்டும் நிகழ்கிறதா என்னும் செய்தி ஆகிய அனைத்தையும் தருகிறது. திருத்துபவர் அக்குறையைத் தம் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்க்க இயலும். மீண்டும் நிகழ்த்த முடிந்த வழு, பாதி தீர்ந்த வழுவுக்குச் சமம்.

பின்னூட்டம் எழுதும்போது கடவுச்சொல், வங்கி விவரம், வீட்டு முகவரி போன்றவற்றைச் சேர்த்தல் கூடாது. திரைப்படம் பிடித்து அனுப்பினால், அதில் தனிப்பட்ட செய்திகள் தெரிகின்றனவா எனப் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.

பழைய கணினியை வைத்திருப்போர்க்கு

புதிய கணினி வாங்க இயலாத நிலை குற்றமன்று. இருப்பதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழிகள் உள்ளன. முதலில், தம் இயங்குதளத்தின் பதிப்பு எது, அதன் ஆதரவு எந்நாள் வரை உள்ளது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஆதரவு உள்ளவரை புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் நிறுவ வேண்டும். நிறுவுமுன் இன்றியமையாத கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.

ஆதரவு முடிந்துவிட்டதாயின், புதிய பதிப்புக்கு மாறக் கணினி இடந்தருகிறதா எனப் பார்க்கலாம். எல்லாக் கணினியும் இடந்தருவதில்லை. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூற்றையும் குறிப்பிட்ட தலைமுறைச் செயற்கூறுகளையும் வேண்டுவதால், நன்றாக உழைக்கும் பழைய கணினிகள் பலவற்றில் அதனை முறைப்படி நிறுவ இயலாது. அந்நிலையில், குறைந்த நினைவகத்திலும் இயங்கும் லினக்ஸ் வழங்கல்கள் கைகொடுக்கும். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளுக்கு இடந்தருவது. தமிழ்நாடு அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் நிறுவப்பட்டிருந்தது. கட்டற்ற மென்பொருளின் நிரலை எவரும் காணலாம், திருத்தலாம். எனவே, ஒருவர் கைவிட்டாலும் மற்றொருவர் பேண வாய்ப்புண்டு.

எதற்கும் வழியில்லாத பழைய கணினியை இணையத்தோடு இணைக்காமல், தட்டச்சு போன்ற பணிகளுக்கு மட்டும் பயன்படுத்துவது நலம். வங்கிப் பணிகளை அதில் மேற்கொள்ளுதல் கூடாது.

இருபாலும் கடமை

இயங்குதளத்தை உருவாக்குவோர் ஆதரவு முடியும் நாளைத் தெளிவாகவும் முன்கூட்டியும் அறிவிக்க வேண்டும். திருத்தங்களைச் சோதித்துப் படிப்படியாக வெளியிட வேண்டும். எண்ணிக்கையில் சிறிய குரலையும் அதன் கடுமையை நோக்கிக் கேட்க வேண்டும். பயன்படுத்துவோர் வந்த திருத்தத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்; கண்ட குறையைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் திருத்தம் சென்று சேரவில்லை. 2018இல் பயனரின் குரல் சென்று சேரவில்லை. இரண்டிலும் இழந்தவர்கள், அந்த நிரலின் ஒரு வரியையும் எழுதாத மக்களே. ஆகவே, முதிர்ந்த இயங்குதளத்தைப் பேணுதல் என்பது நிரலைப் பேணுவதோடு, அதனை நம்பி வாழும் மனிதரையும் பேணுவதாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினியின் இயங்குதளப் பதிப்பையும் அதன் ஆதரவு முடியும் நாளையும் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. நீங்கள் பயன்படுத்தும் செயலி ஒன்றில் கண்ட குறையை, அதனைத் திருத்துவோர்க்குப் பயன்படும் வகையில் ஐந்து தொடர்களில் பின்னூட்டமாக எழுதுக.

3. ‘பயனர்கள் குறைந்துவிட்டாலும் பழைய இயங்குதளத்துக்கான ஆதரவைத் தொடர வேண்டுமா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.